பூச்சிக்குத் தெளிக்கும் தைலம் பூனைக்கு ஆகுமா?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. 'எசன்ஷியல் ஆயில்' என்று சிறு குப்பிகளில் விற்கப்படும் வாசனைத் தைலங்களைக் கொசுவுக்கும் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பயன்படுத்தலாமா, அவற்றை வீட்டு விலங்குகளின் உடம்பில் பூசலாமா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை பிற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பூனை இருக்கிறது. மழைக்காலம் வந்ததிலிருந்து உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. ரசாயன மருந்து வேண்டாம், டீ ட்ரீ எண்ணெயை (ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து வடிக்கும் தைலம்) தேங்காய் எண்ணெயில் கலந்து கழுத்தில் தடவினால் போதும் என்று என் தங்கை சொல்கிறாள். எத்தனை சொட்டுக் கலக்க வேண்டும்?
வாசகி, லாஸ்பேட்டை

பதில்: ஒரு சொட்டும் கலக்க வேண்டாம், அம்மா. பூனைக்கு இதில் பாதுகாப்பான அளவு என்று நான் துணிந்து சொல்லக்கூடியது எதுவும் இல்லை.

காரணத்தைச் சற்று விளக்கமாகச் சொன்னால்தான் உங்கள் தங்கையும் ஏற்றுக்கொள்வார். உடம்புக்குள் சேரும் வேண்டாத பொருள்களைக் கல்லீரல் பல வழிகளில் வெளியேற்றுகிறது. அவற்றுள் முக்கியமான ஒன்று, அந்தப் பொருளோடு குளூகுரோனிக் அமிலத்தைப் பிணைத்து, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீரிலும் பித்தநீரிலும் அனுப்பிவிடுவது. நமக்கும் நாய்க்கும் இந்த வழி நன்றாகவே வேலை செய்கிறது. பூனைக் குடும்பத்திலோ, இதற்குத் தேவையான நொதிகளுள் ஒன்றை உண்டாக்கும் மரபணு செயலிழந்து கிடக்கிறது. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானதாக இருப்பதும் இதனால்தான். கிராம்பு, ஓமம் ஆகியவற்றின் தைலங்களில் உள்ள பீனால் வகைப் பொருள்களும், டீ ட்ரீயில் உள்ள டெர்பீன் வகைப் பொருள்களும் பூனையின் உடம்பில் நெடுநேரம் தங்கி, நரம்பையும் கல்லீரலையும் தாக்குகின்றன. போதாததற்கு, பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. கழுத்தில் தடவியது முன்னங்காலுக்கு வரும், காலிலிருந்து நாக்குக்குப் போகும். தோலில் பூசியதாக நாம் நினைப்போம். உண்மையில் அதற்குப் புகட்டியிருப்போம்.

அமெரிக்காவின் விலங்கு நச்சுத் தகவல் மையம் ஒன்றுக்கு 2002 முதல் 2012 வரை வந்த செய்திகளில், கலப்படமற்ற முழுச் செறிவுள்ள டீ ட்ரீ எண்ணெயால் பாதிக்கப்பட்ட பிராணிகளை மட்டும் பிரித்து ஆராய்ந்தார்கள். 337 நாய்கள், 106 பூனைகள், ஆக 443. எச்சில் வடிதல், தள்ளாட்டம், கால் பலமிழத்தல், நடுக்கம், சோர்ந்து விழுதல் ஆகியவை 2 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் தொடங்கி, சிலவற்றுக்கு 3 நாள்வரை நீடித்தன. என்னை மிகவும் வருத்திய செய்தி, அவற்றில் 89 விழுக்காட்டில் எண்ணெயைப் பிராணிக்கென்றே உரியவர்கள் விரும்பிப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பதுதான். குப்பி கவிழ்ந்து நேர்ந்த விபத்துகள் மிகக் குறைவு. அன்பினால் தடவியதே பெரும்பான்மை.

நானும் அப்படி ஒரு பூனையைப் பார்த்திருக்கிறேன். காய்கறிக் கூடையில் துண்டு விரித்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். கூடையைத் திறப்பதற்கு முன்பே அறை முழுவதும் அந்த மருந்து வாசனை பரவிவிட்டது. உள்ளே வெள்ளைப் பெண்பூனை ஒன்று, தாடைக்குக் கீழே மயிர் நனைந்து, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்தது. தொட்டால் உடம்பு குளிர்ந்திருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் இருமுறை கழுவி, வெதுவெதுப்பான துண்டில் சுற்றி, சிரை வழியாகத் திரவம் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்தோம். பிழைத்துக்கொண்டது. அந்த வீட்டுப் பெரியம்மா இரண்டு நாளும் கூடத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பூனையின் மேல் அவர் கொண்ட அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்ட தகவல்தான் தவறு.

உங்கள் பூனைக்கு நீங்கள் செய்யக்கூடியது இதுதான். நெருக்கமான பற்கள் கொண்ட ஈர்கொல்லிச் சீப்பினால் நாள்தோறும் கழுத்து, வால் அடி, அடிவயிறு ஆகிய இடங்களில் வாருங்கள்; சீப்பில் வரும் தெள்ளுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், வெறும் தண்ணீரில் போட்டால் மிதந்து தப்பிவிடும். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். பூனையின் மேல் நீங்கள் காண்பவை வளர்ந்த பூச்சிகள் மட்டுமே. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் பாயிலும் சோபா இடுக்கிலும் தரை வெடிப்பிலும் கிடக்கின்றன. ஆகவே அந்த இடங்களைக் கூட்டிப் பெருக்குவதும் வெயில் அடிக்கும் நாளில் பாயைக் காயப்போடுவதும் எந்தத் தைலத்தையும்விடப் பயன் தரும். பூச்சி மிகுதியாக இருந்தால், எடைக்கேற்பக் கழுத்தில் விடும் பூனைக்குரிய சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கென்று விற்கும், பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடாதீர்கள்; அது வலிப்பில் கொண்டுபோய் விடும்.

ஒருவேளை இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதற்குள் தடவிவிட்டிருந்தால், உடனே சோப்பு நீரால் கழுவித் துடைத்து, உடம்பு குளிராமல் சுற்றி, எண்ணெய்க் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம்; தைலம் மூச்சுக்குழலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு உண்ணித் தொல்லை. சிட்ரோனெல்லாவும் லாவெண்டரும் கலந்து தண்ணீரில் விட்டுத் தெளிக்கிறேன். இரண்டு நாள் குறைகிறது, மறுபடியும் வந்துவிடுகிறது. அளவைக் கூட்டலாமா? காதுக்குள் இருக்கும் உண்ணியின் மேல் நேராக எண்ணெய் விடலாமா?
வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அளவைக் கூட்ட வேண்டாம். குறைவதாகத் தோன்றுவதற்கும் திரும்பி வருவதற்கும் காரணம் உங்கள் தெளிப்பானில் இல்லை, உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நம் பகுதி நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது பழுப்பு நாய் உண்ணி. அது குஞ்சாக ஒருமுறை, இளம் உண்ணியாக ஒருமுறை, வளர்ந்த உண்ணியாக ஒருமுறை என மூன்று தடவை நாயின் மேல் ஏறி இரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் வயிறு நிறைந்ததும் தானே கீழே விழுந்து, இருட்டான இடுக்கைத் தேடி மேல்நோக்கி ஏறுகிறது. நாய் படுக்கும் இடத்துக்கு அருகிலுள்ள சுவரில், மாட்டியிருக்கும் படச்சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெடிப்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆமணக்கு விதைபோல் உப்பிய பெண் உண்ணியும், அதன் அருகே கடுகைவிடச் சிறிய பழுப்பு முட்டைகளின் குவியலும் கண்ணில் படும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத்தான் சாகிறது. நீங்கள் தெளிக்கும் தைலம் நாயின் மேல் இருப்பவற்றில் சிலவற்றைச் சில மணி நேரம் விரட்டும். சிட்ரோனெல்லா விரைவில் ஆவியாகிவிடும் பொருள். அந்த வாசனை நம் மூக்குக்கு எட்டாமற்போகும் நேரத்தில் அதன் வேலையும் முடிந்துவிடுகிறது. சுவரில் இருக்கும் அடுத்த தலைமுறைக்கு அது சென்று சேர்வதே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எண்ணெயும் தண்ணீரும் கலவா. நீங்கள் எவ்வளவு குலுக்கினாலும் சிறிது நேரத்தில் தைலம் மேலே மிதக்கும். ஆகவே சில பீச்சல்களில் வெறும் தண்ணீரும், குப்பி தீரும் தறுவாயில் ஏறக்குறைய நீர்க்காத தைலமும் வரும். தோல் சிவந்து நாய் சொறிந்துகொள்வதை இப்படிப்பட்ட தெளிப்பான்களால் நான் பலமுறை கண்டிருக்கிறேன். 1 மில்லிலிட்டர் என்பது ஏறத்தாழ 20 சொட்டு. 10 மில்லி குப்பியில் 200 சொட்டு இருக்கிறது. அவ்வளவு செறிவுள்ள பொருள் அது என்பதை நினைவில் வையுங்கள்.

காதுக்குள் எதையும் விடாதீர்கள். உண்ணியின் மேல் எண்ணெய், மண்ணெண்ணெய், கற்பூரம், தீக்குச்சிச் சூடு ஆகிய எதை வைத்தாலும், அது வாயை எடுப்பதற்கு முன் தன் உமிழ்நீரை உள்ளே கக்கிவிடக்கூடும்; நோய்க்கிருமி இருப்பது அந்த உமிழ்நீரில்தான். முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகள் இந்த உண்ணி வழியாகவே நாய்க்கு வருகின்றன. காய்ச்சல், சோறு உண்ணாமை, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம், கறுத்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த நோய்கள் உள்ள ஊரில், மருத்துவர் எழுதித்தரும் உண்ணி மாத்திரையையோ சொட்டு மருந்தையோ 'ரசாயனம்' என்ற ஒரே காரணத்தால் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். அதோடு சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசி, நாய்க்கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, பழைய சாக்கு மெத்தையை எரித்துவிடுங்கள். வாசனை பிடிக்கும் என்றால், நாய் இல்லாத நேரத்தில் தரை துடைக்கும் தண்ணீரில் சிறிது லெமன்கிராஸ் தைலத்தைச் சோப்புக் கரைசலோடு சேர்த்துத் துடைத்து, தரை உலர்ந்த பிறகு நாயை விடுங்கள்.

கேள்வி: நாய்க்குச் சளி பிடித்தால் நாம் தேய்க்கும் தலைவலித் தைலத்தை நெஞ்சில் தேய்க்கலாமா?
வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: கூடாது. அவற்றில் கற்பூரமும் மெந்தாலும், பலவற்றில் மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கின்றன. நாய் நக்கி விழுங்கும். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுப் பொருள், வயிற்றைப் புண்ணாக்கும்.

கேள்வி: எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு அருகில் இருக்கிறது. கொசுவர்த்திப் புகை ஒத்துக்கொள்ளாததால், தண்ணீரில் எண்ணெய் விட்டுப் புகைபோல் கிளப்பும் டிஃப்யூசர் வாங்கி, லெமன்கிராஸும் நீலகிரித் தைலமும் ஊற்றி இரவு முழுக்க வைக்கிறோம். வீட்டில் 8 மாதக் குழந்தை இருக்கிறது; கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறோம். இது பாதுகாப்பானதா?
வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: குழந்தைக்கும் பறவைக்கும் பாதுகாப்பானதன்று, இன்றிரவே நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போன்றதன்று. காற்றுப்பைகள் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதால், காற்றில் உள்ளது எதுவானாலும் மிக வேகமாக அதன் இரத்தத்தில் சேரும். சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் ஆவி பட்டே கிளிகள் இறந்துபோவதுண்டு. டிஃப்யூசர் கிளப்புவது வெறும் மணமன்று, நுண்ணிய எண்ணெய்த் துளிகள். அவை இறகிலும் கூண்டுக் கம்பியிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் படியும். குழந்தையைப் பொறுத்தவரை இது குழந்தை நல மருத்துவரின் துறை என்றாலும், கைக்குழந்தையின் மூக்கருகே நீலகிரித் தைலம், கற்பூரம், மெந்தால் ஆகியவை வரக்கூடாது என்பதும், அவை மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும் என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி.

அதோடு, இவ்வளவு துன்பத்துக்கும் ஈடாகக் கொசு போகிறதா என்றால், அதுவும் இல்லை. லெமன்கிராஸில் உள்ள சிட்ராலும், சிட்ரோனெல்லாப் புல்லில் உள்ள சிட்ரோனெல்லாலும் ஜெரனியாலும் தோலில் பூசும்போது கொசுவைச் சிறிது நேரம் தடுமாறச் செய்கின்றன என்பது உண்மை. மின்விசிறி சுழலும் அறையில் அந்த மணம் பரவிக் கரைந்தபின் கொசு வழக்கம்போல் வந்து உட்காரும். தைலங்களுள் கொசு விரட்டியாக நன்கு சோதிக்கப்பட்டுத் தேறியது எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் மரத்திலிருந்து கிடைக்கும் பிஎம்டி என்னும் பொருள். அதையும் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூசக்கூடாது. ஊட்டியில் வாங்கும் நீலகிரித் தைலம் வேறு மரத்தினுடையது. அதில் இருப்பது பெரும்பாலும் சினியோல். பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

நம் ஊருக்கு இந்தத் துறையில் தனிப் பெருமை உண்டு. 1975 முதல் புதுச்சேரியில் இயங்கிவரும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார், 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவை இந்நகரில் கட்டுப்படுத்தியபோது, கொசு பிறக்கும் இடத்தையே முதலில் குறிவைத்தார்கள். நீங்கள் வாய்க்காலைச் சொல்கிறீர்கள். இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் அங்கிருந்து வரலாம். பகலில் கடித்து டெங்குவைத் தரும் ஏடிஸ் கொசுவோ உங்கள் வீட்டுக்குள்ளேயே நல்ல தண்ணீரில் பிறக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், மூடாத தண்ணீர்த் தொட்டி, லவ் பேர்ட்ஸின் குடிநீர்க் கிண்ணம்கூட அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது என்பதால், வாரம் ஒருநாள் இவற்றைக் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பது முக்கியம், நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். சன்னலுக்கு வலையும் தொட்டிலுக்குக் கொசுவலையும் போடுங்கள். குழந்தைக்கும் பறவைக்கும் ஒரு தீங்கும் செய்யாத கருவி கொசுவலைதான்.

கேள்வி: என்னிடம் நான்கு கலப்பினப் பசுக்கள் உள்ளன. மடியிலும் தொடை இடுக்கிலும் உண்ணி. வேப்பெண்ணெயில் யூகலிப்டஸ் தைலம் கலந்து பூசுகிறேன். கறவை மாட்டுக்குச் சரியா? நாங்கள் போடும் நொச்சி மூட்டம் பயன் தருமா?
வாசகர், பாகூர்

பதில்: கறக்கும் மாட்டின் மடியில் மணம் மிகுந்த தைலத்தைப் பூசாதீர்கள். பால் பிற மணங்களை எளிதில் ஏற்கும். கறவைக்குச் சற்று முன் பூசினால் பாலில் தைல வாசனை தெரியும், கூட்டுறவுச் சங்கத்தில் பாலைத் திருப்பி அனுப்புவார்கள். கன்றும் காம்பைப் பிடிக்கத் தயங்கும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மையம் பரப்பிவரும் மரபு மூலிகை முறை. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியால் வடிகட்டி, வெயில் ஏறிய நேரத்தில் மாட்டின் மேல் துடைக்கவோ தெளிக்கவோ வேண்டும். வாரம் ஒருமுறை, உண்ணி ஒழியும்வரை. அதே சாற்றைக் கொட்டகைச் சுவரின் வெடிப்புகளிலும் தெளிக்க வேண்டும். நம் முன்னோர் இந்தச் செடிக்கு உண்ணிச்செடி என்றே பெயரிட்டது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் அந்த இலையை மாடு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். மிஞ்சிய சக்கையைத் தொழுவத்துக்கு வெளியே புதைத்துவிடுங்கள்.

கலப்பின மாடுகளுக்கு நாட்டு மாடுகளைப்போல் உண்ணியைத் தாங்கும் ஆற்றல் இல்லை. உண்ணி பரப்பும் தைலேரியா காய்ச்சல் வந்தால் மூலிகைச் சாறு காப்பாற்றாது. மாடு அசைபோடாமல், முன்தொடைக்கு மேலே நெறி கட்டி, மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரை அழையுங்கள். புதுச்சேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இரத்த மாதிரியை அனுப்பலாம்.

மூட்டம் ஈக்களையும் கொசுக்களையும் அந்த நேரத்துக்கு விலக்கும், உண்ணி அசையாது. அந்திக் கறவையின்போது, காற்று வீசும் பக்கத்தில், கொட்டகைக்கு வெளியே அரைமணி நேரம் போட்டால் போதும். மூடிய கொட்டகையில் இரவெல்லாம் புகைந்தால் மாட்டுக்கு இருமல் வரும். இயன்றால் நான்கைந்து நாட்டுக் கோழிகளைத் தொழுவத்தில் மேயவிடுங்கள். படுத்திருக்கும் மாட்டின் அடிவயிற்றிலிருந்து கோழி ஒவ்வொரு உண்ணியாகக் கொத்தி எடுப்பதையும், மாடு அதற்கு வாகாகக் காலை விரித்துக் கொடுப்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: வேப்பெண்ணெயும் எசன்ஷியல் ஆயில்தானே? மாடித் தோட்டத்து மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் எப்படித் தெளிப்பது? வீட்டில் பூனை உண்டு.
வாசகி, பண்ருட்டி

பதில்: இல்லை. வாசனைத் தைலம் என்பது இலையையோ பூவையோ பட்டையையோ ஆவியில் வடித்தெடுப்பது, விரைவில் பறந்துபோகும். வேப்பெண்ணெய் விதையைச் செக்கில் ஆட்டிப் பிழிவது; தங்கி நிற்கும். அதில் உள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதில்லை. இலையைத் தின்னவிடாமலும், தோலுரித்து வளரவிடாமலும் தடுக்கிறது. ஆகவே தெளித்த மறுநாளே பூச்சி சாகவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் சில சொட்டுச் சோப்புக் கரைசலைக் கலந்து, பிறகு 5 மில்லி வேப்பெண்ணெயை ஊற்றிப் பால்போல் வெளுக்கும்வரை கலக்குங்கள். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் அங்குதான் ஒட்டியிருக்கும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். பூத்திருக்கும் செடியில் தேனீ வரும் காலை நேரத்தைத் தவிருங்கள். இலை உலரும்வரை பூனையை மாடிக்கு விட வேண்டாம். பூனைக்கு வேப்பெண்ணெயைப் பூசுவதும் நல்லதன்று. குழந்தைகளுக்குப் பூச்சி மருந்தாக வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கைக்குழந்தைகளுக்கு அதனால் வலிப்பும் மூளைப் பாதிப்பும் நேர்ந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. புகட்டவே கூடாது.

கேள்வி: அரிசியில் வண்டு. கிராம்பு எண்ணெய் நனைத்த பஞ்சை டப்பாவில் வைக்கலாமா?
வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: சோறு கிராம்பு மணக்கும். அரிசியை வெயிலில் உலர்த்திச் சலித்து, ஈரமில்லாத டப்பாவில், காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ துணியில் முடிந்து வையுங்கள்.

கேள்வி: கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கடையில் '100 விழுக்காடு இயற்கை, பிராணிகளுக்குப் பாதுகாப்பானது' என்று எழுதிய தைலம் வாங்கினேன். உண்மையா என்று எப்படி அறிவது?
வாசகர், புதுச்சேரி

பதில்: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். வாசனைத் தைலம் பெரும்பாலும் கறையின்றிப் பறந்துவிடும். வடை வைத்த தாளைப்போல் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கை வாசனைப் பொருள் இந்தச் சோதனையில் பிடிபடாது. தாவரத்தின் முழுப் பெயரும், எடுக்கப்பட்ட பாகமும், தொகுதி எண்ணும் இல்லாத குப்பியை வாங்காதீர்கள். பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் பொருளுக்கு, 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு எண் வேண்டும். கொசுவர்த்திப் பெட்டியில் அந்த எண் அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம்.

இதைவிட முக்கியமானது உங்கள் கேள்விக்குள் இருக்கும் நம்பிக்கை. தூய்மையானது என்பதால் ஒரு தைலம் பாதுகாப்பானதாகிவிடாது. மேலே நான் சொன்ன 443 பிராணிகளும் தூய எண்ணெயால்தான் துன்புற்றன. செடி தன்னைத் தின்னவரும் பூச்சியையும் ஆட்டையும் விரட்டுவதற்காகவே இந்தக் காரப்பொருள்களைத் தன் இலையில் சேர்த்துவைக்கிறது. ஒரு கூடை இலையில் பரவியிருந்ததை நாம் ஒரு குப்பியில் அடைக்கிறோம். 'பிராணிகளுக்கு' என்று எழுதியிருந்தால் எந்தப் பிராணிக்கு, எத்தனை கிலோ எடைக்கு என்று கடைக்காரரைக் கேளுங்கள். பூனைக்கும் நாய்க்கும் ஒரே குப்பி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு நாய்க்குக் காதுக்குப் பின்னால் புண்ணாகிப் புழு வைத்துவிட்டது. டர்பன்டைன் எண்ணெய் ஊற்றினால் புழு விழும் என்கிறார்கள். ஊற்றலாமா?
கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்

பதில்: தெருநாய்க்காக எழுதிக் கேட்டதற்கு முதலில் என் நன்றி, தம்பி.

டர்பன்டைனும் ஒரு வாசனைத் தைலமே. பைன் மரப் பாலிலிருந்து வடிப்பது. கால்நடை மருத்துவமனைகளில் புழுப்புண்ணுக்கு நெடுங்காலமாக அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். மூச்சு முட்டி வெளியே தலைநீட்டும் புழுக்களை இடுக்கியால் எடுப்பதற்குத்தான் அது. ஆனால் புண்ணுக்குள் நேராக ஊற்றினால் சதை எரியும். வலி தாங்காத நாய் கடித்துவிடும். காதுத் துளைக்குள் ஓடினால் செவிப்பறை கெடும். பழகாத கையால் செய்ய வேண்டாம்.

சுத்தமான தேங்காய் எண்ணெயில் சிறிது பச்சைக் கற்பூரத்தைக் கரைத்து, துணியில் நனைத்து, புண்ணின் வாயில் ஒத்தி வையுங்கள். முதல் நாள் மட்டும். காதுக்குள்ளோ கண்ணிலோ வழியக்கூடாது. நாய் நக்க முடியாத இடமாக இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன், பூனைக்கு இதுவும் ஆகாது. சிறிது நேரத்தில் மேலே வரும் புழுக்களை எடுத்துவிட்டு, உப்பு கலந்து கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவுங்கள். அடியில் இன்னும் புழு இருக்கும். அவற்றைக் கொல்ல ஊசியோ மாத்திரையோ தேவைப்படும் என்பதால், மறுநாளே அரசு கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும்போது இன்னொருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், நாயின் வாயைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். நீங்கள் இருவரும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் போட்டுக்கொண்டு பிறகு நாயைத் தொடுங்கள், அதுவரை மருந்தக ஊழியரையே தெருவுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள்.